கையெழுத்துப் போடுமுன் காட்டுங்கள்

சவுதிக்குப் போய்த் திரும்பிய கொத்தனார் ஒருவர் இரண்டு காகிதங்களோடு நமது சங்க ஆபீசுக்கு வந்தார். சென்னையில் ஏஜெண்டு முன்னால் கையெழுத்திட்டதில் கொத்தனார் வேலை. ரியாத்தில் இறங்கியதும் அரபியில் நீட்டியதிலோ சுமை தூக்கும் வேலை, சம்பளமும் பாதி. "எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். ஊரில் வட்டிக் கடன்!

ஒப்பந்தம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும் என்கிறது சவுதித் தொழிலாளர் சட்டம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் அங்கே சட்ட விரோதமே. ஆனால் இரு மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் வாசகம் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும். இதைத்தான் ஏஜெண்டு சொல்வதில்லை!

ஆகவே புறப்படுமுன்பே காகிதத்தைச் சங்கத்திடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று விசாரியுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அங்கே புதுக் காகிதம் நீட்டினால் மொழிபெயர்ப்புக் கேளுங்கள். ரியாத்திலுள்ள நமது தூதரகத்தில் யோசனை கேட்ட பிறகே பேனாவைத் தொடுங்கள்.

அந்தக் கொத்தனார் சென்னைக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை வைத்துத்தான் ஏஜெண்டு மீது குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு அவரோடு நாமும் போகிறோம்.