சிறு விமானத்திற்கு ஏற்ற இறக்கை எது?



பெரிய நிக்கோபார்த் தீவின் காம்ப்பெல் விரிகுடாவில் ஒருவர் திடீரென நோயுறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேர், அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கப்பலை நம்பினால் காலம் கழிந்துவிடும். அவரை ஏற்றிச் செல்லவரும் டார்னியர் 228 விமானத்தை அண்ணாந்து நோக்குவோர், அதன் இறக்கை உடலின் உச்சியிலே பொருந்தியிருப்பதைக் காண்பர். அவ்வாறு அமைத்ததன் காரணம் என்ன?

தொழில்நுட்ப நூல்களைத் தமிழாக்குகையில் நாம் இரட்டை இறக்கை, தாழ் இறக்கை, உயர் இறக்கை என மூவகையாக இவற்றைப் பெயரிட்டுக்கொள்ளலாம்.

இரட்டை இறக்கை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கால்களாலும் கம்பிகளாலும் பிணைக்கப்பெற்றது. குறைந்த எடையில் மிகுந்த உறுதி உடையது; ஆயினும் அக்கம்பிகளே காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்தன. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்த பஸ் மாத் விமானமோ ஒற்றை உயர் இறக்கை கொண்டது.

தாழ் இறக்கைக்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1951இல் பறந்த எச்.டி.-2, 1993இல் பறந்த ஹன்சா ஆகிய பயிற்சி விமானங்கள் அவ்வகையின. இதில் சக்கரக் கால்கள் குட்டையாகவும் இலேசாகவும் அமையலாம். திரும்பும்போது செல்லுந் திசையை விமானி தடையின்றிக் காணலாம். ஆனால் கீழே உள்ள நிலத்தையும் கடலையும் இறக்கை மறைத்துவிடும்.

உயர் இறக்கையோ கீழ்நோக்கிய பார்வையைத் திறந்துவிடுகிறது. கடலில் தத்தளிக்கும் படகைத் தேடுவோர்க்கு இது பெரும் உதவி. இறக்கையோடு உயர்ந்து நிற்கும் சுழல்விசிறிகள் ஓடுதளத்துக் கற்களுக்கு எட்டா. 2011ஆம் ஆண்டில் போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் தீவுக்குப் பறந்த ஜல் ஹன்ஸ் கடல் விமானமும் இவ்வகையினதே. தாழ் இறக்கையாயின் அலையிலும் படகுத்துறையிலும் மோதும் அச்சம் உண்டன்றோ?

இதற்கும் விலையுண்டு. 1958இல் பறந்த புஷ்பக் விமானத்தைப்போல் இறக்கைக்குச் சாய்கால் முட்டுக் கொடுத்தால் எடை குறையும், ஆனால் காற்றின் தடை மிகும். டார்னியரைப்போல் முட்டின்றி அமைத்தால் தடை குறையும், ஆனால் இறக்கையின் உட்சட்டம் கனக்கும். சக்கரங்களை உடலிலேயே பொருத்துவதால் அவற்றின் இடைவெளி குறுகும். பக்கக் காற்றில் இறங்கும் விமானி மிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஆகவே, எக்காலத்திற்கும் எவ்விடத்திற்கும் சிறந்த இறக்கை என ஒன்றில்லை. எங்கே பறப்பது, யாருக்காகப் பறப்பது என்பதே வடிவமைப்போன் முதலில் எழுப்பவேண்டிய வினா. இறக்கை மேலே இருப்பதால் விமானத்தின் உடல் தரைக்கு அணித்தாக அமைகிறது. நோயாளியின் படுக்கையை உயரத் தூக்காமலே உள்ளே ஏற்றிவிடலாம். காம்ப்பெல் விரிகுடாவில் காத்திருப்பவருக்கு, அச்சில அடி உயரமே பெருங்கொடையாகும்.