கண்ணாடி வைக்கும் இடம்
(மார்கழித் திங்கள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்னாளில் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் தம் புதுமனை புகுவிழாவிற்கு என்னை அழைத்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு. கூடத்தினுள் நுழைந்ததும் ஆளுயரக் கண்ணாடி. எதிர்ச்சுவரில் தஞ்சாவூர்ப் பாணியில் தவழும் கண்ணன் படம். மேற்கூரையில் மறைவாகப் பதித்த விளக்குகள். மூலைக்கொரு தொட்டிச்செடி, அவற்றுள் ஒன்று துளசி. கண்டு மகிழ்ந்தேன், மகிழாதிருக்க யான் துறவியல்லேன்.

இல்லத்தை அழகுசெய்தல் ஆடம்பரம் என்று இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. வைகறையில் வாயில் தெளித்துக் கோலமிடுவதும் அலங்காரமே அன்றோ? அந்தக் கண்ணன் படத்தையே பாருங்கள். பலாப்பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடுபடுத்தி, பொன்தகடு பதித்துச் செய்யும் கலை அது. ஒளி குன்றிய பூசையறையில் ஒரு சிறு சுடர் இருந்தாற்போதும். அச்சுடரை அப்பொன் வாங்கித் திருப்பித் தரும். மாணாக்கரோ வெண்ணிற மின்விளக்கை நேரே அதன்மேல் பாய்ச்சியிருந்தார். பளபளப்பே மிஞ்சியது. அதை அங்கேயே சொல்லியும்விட்டேன். ஆசிரியன் ஓய்வு பெறலாம். அவன் நாக்கு ஓய்வு பெறுவதில்லை.

கண்ணாடியைப் பற்றியும் பேச்செழுந்தது. வள்ளற்பெருமான் இளமையில் சென்னையில் வாழ்ந்த இல்லத்தின் மாடியறையில் கண்ணாடி ஒன்றை வைத்து, விளக்கேற்றி வழிபட்டார் என்பதும், அக்கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்தருளினான் என்பதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. 1872ஆம் ஆண்டு அப்பெருமான் தொடங்கிய வடலூர்ச் சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கிச் சோதி தரிசனம் காட்டுகின்றனர். கேரளத்தில் நாராயண குரு 1927ஆம் ஆண்டு களவங்கோடம் என்னும் ஊரில் திருவுருவத்திற்கு மாறாகக் கண்ணாடியையே நிறுவினார்.

இவற்றையெல்லாம் கூறிக்கொண்டிருந்தவன், “தம்பி, தாயார் எங்கே?” என வினவினேன். மாணாக்கர் சற்றே தயங்கிப் பின்பக்கம் அழைத்துச் சென்றார். இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டாகப் படுக்கையிலிருக்கும் அவ்வம்மையாருக்கு ஒதுக்கிய அறை அது. வானம் தெரியும் சன்னல் இல்லை, வெற்றுச்சுவர், ஒரே குழல்விளக்கு. என்னைக் கண்டதும் அவர் கேட்டது, “வாங்கய்யா, சாமி விளக்கு ஏத்தியாச்சா?” என்பதே. விழா நடக்கும் வீட்டில், விளக்கெரிவதை அவர் பிறரைக் கேட்டே அறியவேண்டியிருந்தது.

வெளியே வந்ததும், “தம்பி, கூடத்துக் கண்ணாடியை இடம் மாற்ற இயலுமா?” என்று மட்டும் கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. எனக்கும் அன்று உணவு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். கண்ணாடியைக் கழற்றி, நடைவழித் திருப்பத்தில் சாய்வாக நிறுத்தியிருக்கிறாராம். ஒளி எக்கோணத்தில் வந்து விழுகிறதோ, அக்கோணத்திலேயே மீளும் என்று பள்ளியில் படித்தோமல்லவா? அதனைச் சரியாக அமைக்க அரைநாள் ஆயிற்றாம். மனைவியார் கண்ணாடியை விரற்கடை விரற்கடையாக நகர்த்த, இவர் தாயின் தலையணையிலேயே தம் தலையையும் வைத்துப் படுத்துப் பார்த்தாராம். முடிவில் பூசையறைச் சுடரும் கூடத்து மூலையும் அதனுள் தெரிந்தன.

அம்மையார் நெடுநேரம் சுடரையே நோக்கியிருந்துவிட்டு, “துளசி வாடிக்கிடக்குதேடா, வெயில் படாத இடத்துலயா வெச்சீங்க?” என்றாராம். நானும் அதைக் கண்டேன். வாட்டம் என் கண்ணில் படவில்லை.

அன்றே துளசி பால்கனிக்குச் சென்றது. கண்ணாடியையும் மீண்டும் சற்றே திருப்பவேண்டியதாயிற்று.