பணிவிடை செய்பவருக்கும் ஒரு பணிவிடை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், நோயாளர் சந்திப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஐம்பது ஆண்டு நிறைவு காணும் பங்கில், ஐம்பது ஆண்டு இல்லறம் கண்ட தம்பதியரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார்; மற்றவர் அந்தப் படுக்கையின் பக்கத்தில் நிற்கிறார். படுக்கையில் இருப்பவருக்காக நாம் அடிக்கடி மன்றாடுகிறோம். பக்கத்தில் நிற்பவரைப் பற்றி இன்று சற்றுப் பேச விரும்புகிறோம்.

நோயுற்றோரின் வீடுகளுக்குச் சென்று வரும் நாங்கள் பல வீடுகளிலும் காண்பது ஒரே காட்சிதான். கட்டிலில் வெளுத்த விரிப்பு இருக்கும். தலைமாட்டில் மாத்திரைகள் வேளை வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆற வைத்த வெந்நீர், உரித்த ஆரஞ்சுச் சுளை, எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் செய்து வைத்த மனைவியோ மகளோ மருமகளோ, காலையில் குடித்த ஒரு டம்ளர் காப்பியோடு நண்பகல் வரை நின்றுகொண்டிருப்பார். பாதம் வீங்கியிருக்கும். "உங்களுக்கு உடம்பு எப்படியம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், அவரைக் கேளுங்க" என்பார். சில வீடுகளில் இப்படி நிற்பவர் கணவராகவோ மகனாகவோ இருப்பதும் உண்டு. அவர்கள் தரும் பதிலும் இதுதான்.

இந்தப் பதிலில் தியாகம் இருக்கிறது. அதை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் ஆபத்தும் இருக்கிறது. பார்த்துக்கொள்பவர் விழுந்துவிட்டால், அந்த வீட்டில் ஒரு கட்டில் இருந்த இடத்தில் இரண்டு கட்டில் ஆகிவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் முன்னோர் வாக்கு அல்லவா? ஆகவே தம் உடலையும் உள்ளத்தையும் நாடோறும் பேணிக்கொள்வது, பணிவிடை செய்பவருக்குத் தன்னலம் அன்று. அந்தப் பணிவிடையிலேயே அதுவும் ஒரு பகுதி. இன்று நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இறைவாக்கினர் எலியாவின் வரலாறு நீங்கள் அறிந்ததே. உயிருக்குத் தப்பி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தமக்குச் சாவு வந்தால் போதும் என்று அவர் மனம் கசந்து கேட்டார். அப்போது வந்த வானதூதர் அவருக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை; கண்டிக்கவும் இல்லை. உறங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உண்ணச் சொன்னார். அதன் பின்புதான் பயணம். மனக்குறையைச் சொல்ல இடம் கிடைத்தது அதற்கும் பின்புதான். துணைக்கு எலிசா வந்து சேர்ந்ததும் அப்போதுதான். உறக்கம், உணவு, நடை, பேச்சு, துணை என்ற இந்த வரிசையை இன்றைய மருத்துவ நூல்களும் மறுக்கமாட்டா. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உறக்கம். இரவில் மூன்று முறை எழுந்து நோயாளியைப் பார்க்கிறவருக்கு, படுக்கையில் கிடந்த நேரம் எட்டு மணி என்றாலும் உறங்கிய நேரம் நான்கு மணிகூட இராது. இப்படி மாதக்கணக்கில் நடந்தால் இரத்த அழுத்தம் ஏறும்; சர்க்கரை கட்டுக்கு அடங்காது; சிறிய சொல்லுக்கும் சீறி விழத் தோன்றும். இதற்கு மருந்து, இரவைப் பங்கிட்டுக்கொள்வதே. வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டிலுள்ள வேறொருவர் நோயாளியின் அறையில் படுக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டில், மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் படுத்து எழலாம். மாலை நான்கு மணிக்கு மேல் காப்பி வேண்டாம். காப்பியிலுள்ள காஃபீனில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இரண்டாவது, உணவு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது நம் தாய்மார்களின் பழக்கம். அதன் விலை என்ன தெரியுமா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 53 பேருக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணமின்றிப் படபடப்பது, கண் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது எல்லாம் "வேலை அதிகம், அதனால்தான்" என்று ஒதுக்கப்படுகின்றன. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது சோகைதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

முருங்கைக்கீரையும் பருப்பும் சுண்டலும் நம் கைக்கெட்டும் உணவுகள். அவற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கும் நேரத்திலேயே நீங்களும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு அருகில் உட்காருங்கள். தனியே உண்ணும் நோயாளிக்கும் அது மகிழ்ச்சியாக இருக்கும்.

மூன்றாவது, உடலின் உழைப்பும் நடையும். நோயாளியைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப் புண் வராது என்பது உண்மை. ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நோயாளியை உங்கள் உடலோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அடியில் ஒரு போர்வையை நான்காக மடித்து விரித்து, இருபுறமும் இருவர் நின்று அந்தப் போர்வையைப் பிடித்து நகர்த்துங்கள். கையால் இழுத்தால் அவருடைய தோல் உராயும். உங்கள் முதுகும் போகும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்துங்கள்.

இந்த உழைப்பே போதும், நடை எதற்கு என்று கேட்பீர்கள். வேலையில் உடல் களைக்கிறது. நடையில் உடல் தளர்ந்து இளகுகிறது. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். அரை மணியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆலய வளாகத்தைச் சுற்றி நடந்தாலும் போதும். வெயில் முகத்தில் படுவதும், நாலு பேரைக் கண்டு தலையசைப்பதும் அடைபட்ட அறையிலிருந்து வருகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

வெளியே போகவே முடியாத நாளில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது நெஞ்சின் படபடப்பு அடங்கும். ஐந்து நிமிடம் போதும்.

நான்காவது, உள்ளத்தில் உள்ளதைச் சொல்வது. இது கடினம். "இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற எண்ணம் எந்த வீட்டிலும் ஒருநாள் எழும். எழுந்த உடனே, "நான் எவ்வளவு கெட்டவள்" என்ற குற்ற உணர்வும் எழும். தாய்மார்களே, அந்த எண்ணம் அன்பு குறைந்ததன் அடையாளம் அன்று. களைப்பு எல்லை கடந்ததன் அடையாளம். அதை மூடி மறைத்தால், அது தலைவலியாகவும் கோபமாகவும் வேறு வழியில் வெளியே வரும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள், "பொறுத்துக்கொள்" என்று முடித்துவிடாதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள், அது போதும்.

சொல்ல ஆள் இல்லாதவர் எழுதலாம். அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்வின் வேதனையான நிகழ்ச்சியைப் பற்றி நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதனால் உண்டான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் நோய்க்காக மருத்துவரிடம் சென்றது குறைந்தது. பின்னாளில் நடந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பேனாவும் யாருக்கும் பாரமில்லை அல்லவா?

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் பற்றில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு, அழுகை அடங்காமல் இருந்தால், அது வீட்டு வைத்தியத்தால் தீராது. டாக்டரிடம் செல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு வைத்தியம் செய்துகொள்வது எப்படி வெட்கம் இல்லையோ, அப்படியே இதற்கும் வெட்கம் இல்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள், தனித்திருக்காதீர்கள்.

இதோடு மற்றொன்று. நோயாளியின் மாத்திரையை மணி தவறாமல் கொடுப்பவர், தமது இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுகிறார். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காமல், அடுத்தடுத்து இரண்டு பெட்டியாக வையுங்கள். அவருக்குக் கொடுத்ததும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, நோயாளிக்குப் பார்த்தபின் உங்கள் கையையும் நீட்டுங்கள்.

படுக்கை காலியாகிவிட்ட பிறகு வரும் நாட்களையும் மறக்கக்கூடாது. அடக்கம் முடிந்து, உறவினர் ஊர் திரும்பியபின், பல மாதம் பார்த்துக்கொண்டவர் இரவு இரண்டு மணிக்குத் தாமாகவே விழித்துக்கொள்வார். அது மருந்து கொடுத்த நேரம். கொடுக்க ஆள் இல்லை. துக்க வீட்டுக்கு முதல் நாட்களில் சோறும் குழம்பும் கொண்டு செல்வது நம் நல்ல வழக்கம். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிய மறுக்கிறது. அப்போது ஒருவர் போய், "வாங்கக்கா, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொன்னால், அதைவிட நல்ல மருந்து வேறில்லை.

ஐந்தாவதாகச் சொன்ன துணை இதுதான். அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் அந்தப் பணி ஊர்தோறும் பரவியதற்குக் காரணம், டாக்டர்கள் மட்டுமல்ல. பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்ற அக்கம்பக்கத்தாரும்தான். அவர்கள் நோயாளியை மட்டுமன்றி, வீட்டாரையும் விசாரித்தார்கள். அவர்களால் ஆனது நம்மால் ஆகாதா?

ஆகவே பொன்விழா நினைவாக ஒரு சிறு வேண்டுகோள். பெரிய நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் படுக்கையில் நோயாளி உள்ள வீடுகளை எழுதிக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஒருவர் போய் நோயாளியின் அருகே உட்காரட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் பணிவிடை செய்பவர் உறங்கலாம், நடக்கலாம், டாக்டரிடம் போகலாம், ஆலயத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். எங்கே போனார், ஏன் போனார் என்று நாம் கேட்க வேண்டாம். இளைஞர்களே, உங்கள் வீட்டிலேயே இதைத் தொடங்கலாம். இன்றிரவு அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

பணிவிடை செய்பவர்களே, உங்களுக்கு எங்கள் கடைசி வார்த்தை. யாராவது கதவைத் தட்டி, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சற்றுப் படுங்கள்" என்றால், "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். "சரி" என்று சொல்லுங்கள்.