முன்பனியும் மலைவழியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்குப் பனி அபூர்வ வஸ்து. ஆகவே, மூணாற்றில் பனி விழுந்ததென்று பத்திரிகையில் செய்தி வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பலர் புறப்பட்டு விடுகின்றனர். அங்ஙனம் சென்று வருவோருள் நாங்களும் சிலர். அவ்வழியைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

மூணாற்றில் காண்பது இமயத்துப் பனியன்று. உண்மையில் அது விழுவதே இல்லை. மேகமற்ற, காற்றடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர, காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேல் வெண்மையாக உறைகிறது. இதுவே உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் பள்ளத்தை நாடும். ஆதலின் 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி இருக்கும் நாட்டில், உச்சிகளைக் காட்டிலும் பள்ளத்தாக்குகளிலேயே உறைபனி மிகுதி. மலையேறுவோர் உச்சியை எண்ணி அஞ்சுவர். கால் வழுக்குவதோ ஓடைக்கரைப் பாறையில்! வெயில் ஏறியதும் யாவும் நீராகிவிடும்.

2019 சனவரியில் செண்டுவரை முதலிய தோட்டங்களில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. பார்க்க வந்தோர் களித்தனர். தேயிலைக் கொழுந்தோ கருகிற்று. அதனைக் கிள்ளுவோர் பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். கொழுந்து குறைந்தால் அவர்களுடைய அதிகப்படிக் கூலியும் குறையும். வெண்மையைக் கண்டு மகிழும்போது இதனையும் நினைத்தல் வேண்டும்.

இமயத்தின் நிலை வேறு. உத்தரகாசி மாவட்டத்துக் கேதார்காந்தா, ஏறத்தாழ 3,800 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே வழியே பனிக்குள் மறைந்துவிடும். விடியுமுன் பனி கெட்டியாக இருக்கும். காலணியில் இரும்பு முட்களைப் பூட்டி ஏறலாம். உச்சி வெயிலில் அதுவே இளகி, முழங்கால்வரை புதையும். ஆகையால் இருட்டிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குகின்றனர். கோடையும் அங்கே காப்பன்று. 2024 சூன் மாதத்தில், சகஸ்திரதால் ஏரிப் பக்கம் சென்ற கர்நாடகத்துக் குழுவினருள் ஒன்பதுபேர் பனிப்புயலில் சிக்கி மாண்டனர்.

நம் பக்கத்து மலையில் அபாயம் தாமதித்து வரும். நம் முன்னோர் ஆறு பருவங்களுள் இரண்டைப் பனிக்கே அளித்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனியில் கருகிய புல் பின்பனியில் விறகாகிறது. 2018 மார்ச் 11, மாசி மாதம். கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டில் காய்ந்த புல் பற்றியெரிந்து, மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த மலைச்சரிவு இரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கு வேறொரு வகையிலும் உறவு. மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியே சிறு இரயில் ஓடிற்று. அது சேர்ந்த மேல்முனையே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகக் குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் இருப்புப் பாதையைக் கொண்டுபோயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

மீசைப்புலிமலைக்குக் கேரள வனவளர்ச்சிக் கழகத்தார் வழிகாட்டியுடன் ஆட்களை அனுப்புகின்றனர். வரும் மார்கழியில் செல்ல விரும்பும் குடும்பத்தார், கம்பளிச் சட்டையும் ஒரு சோடி உலர்ந்த காலுறையும் அதிகமாக எடுத்து வைக்கவும். பனியைப் பார்க்க வேண்டின் ஆறு மணிக்கே எழவேண்டும். எட்டு மணிக்குக் காப்பி குடித்துப் புறப்படும் பழக்கம் அங்கே உதவாது.