மாதா கோயில் திடலில் காய்கறித் தோட்டம்



பிள்ளைகள் விளையாடுவதற்கென்று மாதா கோயிலை ஒட்டி விட்ட திடல், சில ஊர்களில் இன்று வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டார்கள். "இதிலே ஊரார் சேர்ந்து காய்கறி போடலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால், மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் குடத்தை எண்ணிப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், வெயில் காலத்தில் காய்கறிப் பயிருக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆக, சென்டுக்கு 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 13, 14 குடம். பத்து சென்டையும் ஒரேயடியாகக் கொத்திப் போட்டால் தினம் 2,000 லிட்டர் ஆயிற்று. கோயில் கிணறு சித்திரையில் அவ்வளவு ஊறுமா? ஊறாவிட்டால் குடிக்கிற தண்ணீருக்கே சண்டை வரும். ஆகவே முதல் வருஷம் இரண்டே சென்டில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது அனுமதி. பங்குத்தந்தையோ குருவானவரோ வாயால் "சரி" என்றால் போதாது. அவர் மாற்றலாகிப் போய்விடுவார். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களிடம் எழுதி வாங்குங்கள். எத்தனை வருஷத்துக்கு, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவது யார், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதையும் விதைக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

இனி மண். வேலிக்கருவையைத் தூரோடு தோண்டி எடுங்கள். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். துருப்பிடித்த ஊஞ்சல், சறுக்குமரம் இருந்தால் அதன் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் அந்த இடத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம், பூச்செடி வையுங்கள்.

பல வருஷம் மிதிபட்ட மண், களத்துமேடு மாதிரி இறுகியிருக்கும். நல்ல மழை பெய்து இளகியதும் கொத்திவிட்டு, சென்டுக்கு 200 கிராம் தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாளில், பூக்கிற சமயத்தில் மடக்கிப் புதைத்து, இரண்டு வாரம் மக்க விடுங்கள். பிறகு சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் போட்டுப் பாத்தி பிடியுங்கள்.

சிறுகீரையை 25 நாளில் பறிக்கலாம். வெண்டை சுமார் 45 நாளில் முதல் காய் கொடுக்கும். வேலியில் அவரையை ஏற்றுங்கள். மூலைக்கொரு முருங்கை நடுங்கள். செடியடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது.

முதல் கீரைக்கட்டு கைக்கு வந்துவிட்டால், ஒதுங்கி நின்றவர்களும் குடத்தோடு வருவார்கள். அப்போது மூன்றாவது சென்டைத் திறக்கலாம். ஆனால் கிணற்றைக் கேட்டுவிட்டுத் திறங்கள்.