பாலக்கோட்டு நீரும் மூட்டு நோயும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பணி நிமித்தம் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பேரன் அவ்வூரிலேயே பிறந்தவன். வீட்டின் மூத்தவரான அம்மையாருக்கு அகவை 65. காலையில் எழுந்தால் கழுத்தும் இடுப்பும் விறைத்து நிற்கின்றன. முழங்கால் மடங்க மறுக்கிறது. சாமாயிகத்திற்குத் தரையில் அமர்ந்தால், எழும்போது ஒருவர் கைகொடுக்க வேண்டும். அருகன் திருமுன் நெற்றி நிலம் தோய வணங்க இயலவில்லையே என்பது வலியினும் பெரிய வருத்தம் அவருக்கு. "வயதாகிவிட்டது, பழவினை, பொறுத்துத்தான் ஆக வேண்டும்" என்கிறார். வலி மிகும் நாளில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்.

இவ்வம்மையார் கற்பனையே. ஆயினும் இவரைப் போன்றவர் இல்லாத வீடு அரிது. பழவினை என்று அவர் சொல்வதில் சமயப் பிழை இல்லை. அச்சொல்லோடு நின்றுவிடுவதில்தான் பிழை இருக்கிறது. வினையை ஒழுக்கத்தாலும் முயற்சியாலும் உதிர்க்கலாம் என்று நிர்ஜரையைத் தத்துவங்களுள் ஒன்றாக வைத்த சமயம் நம்முடையது. நோயின் காரணத்தை வினவாமல் இருப்பது எந்த நோன்பிலும் சேராது.

பாலக்கோட்டில் அவ்வினாவை முதலில் நீரிடம் கேட்க வேண்டும். தருமபுரி மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறை நிலம். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு என்னும் பொருள் நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் அது இருப்பது நலம். வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இம்மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்து காணப்பட்டது. பல ஆண்டுகள் அந்நீரைப் பருகுவோரின் எலும்பிலும் தசைநார்களிலும் அப்பொருள் படிந்து இறுகுகிறது. அதுவே எலும்புப் புளோரோசிஸ். இந்தியாவில் இந்நோயை மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்தது 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் அதனை எழுதினர். தொடக்கத்தில் அது மூட்டு வாதம் போலவே தோன்றும். கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் விறைப்பும் காட்டும். ஆகவே வாதம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்டவர்கள் இருப்பதில் வியப்பில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுவது நம் ஒழுக்கம். நுண்ணுயிர்க்கு ஊறு செய்யாமை கருதியும் உடல் நலம் கருதியும் ஏற்பட்ட நல்வழக்கம் அது, கைவிடத்தக்கதன்று. ஆனால் துணியால் வடிகட்டினாலும் காய்ச்சினாலும் புளோரைடு நீங்காது. நெடுநேரம் கொதிக்கக் கொதிக்க நீர் வற்றும்; புளோரைடு வற்றாது. எனவே எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். "எங்கள் வீட்டில் காய்ச்சிய நீர்தான்" என்று அவ்வம்மையார் பெருமிதத்தோடு சொல்லும்போது அதை மறுத்துரைக்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விடை கடினமன்று. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொணர்கிறது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் இரு குழாய்கள் இருந்தால், பருகவும் சமைக்கவும் காவிரி நீர். குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளை நீர் என்று பிரித்துக்கொள்ளலாம். சோறும் பருப்பும் வேகும் நீரும் பருகும் நீரே என்பதை மறத்தலாகாது. கூரையிலிருந்து தூய்மையாகச் சேர்த்த மழைநீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். ஐயமிருப்பின் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்து அளவு கேட்டறியலாம்.

பேரனின் பல்லையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏறத்தாழ எட்டு அகவைக்குள், பல் உருவாகும் காலத்தில் இந்நீரைப் பருகிய பிள்ளையின் முன்பற்களில் வெண்மையோ பழுப்போ ஆன கோடுகள் தோன்றும். துலக்கினால் அவை போகா. பல் முற்றிய பின்னர் அவ்வூருக்கு வந்த பாட்டியின் பல்லில் கறை இராது, எலும்பிலோ படிந்திருக்கலாம். பேரனின் பல் பாட்டியின் முழங்காலுக்குச் சான்று சொல்லும் விந்தை இது.

பாட்டிக்கும் எளிய சோதனைகள் மூன்று உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட இயலுகிறதா? மோவாயை மார்பில் சேர்க்க இயலுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட இயலுகிறதா? இம்மூன்றும் புளோரோசிஸ் ஐயத்தை எழுப்பப் பயன்படுபவை. முடிவு சொல்பவை அல்ல. தலைசுற்றல் உள்ளவர் துணையோடு மட்டும் செய்து பார்க்கட்டும். முடிவு சொல்வது சிறுநீர்ச் சோதனையும் எக்ஸ்ரே படமும் மருத்துவர் கண்ணும். படிந்துபோன பின் அதனை நீக்கும் மருந்து இல்லை. நல்ல நீருக்கு மாறினால் மேலும் படிவது குறையும்.

எல்லா மூட்டு வலியும் நீரால் வருவதன்று. நடக்கும்போது மிகுந்து, அமர்ந்தால் தணிந்து, காலை விறைப்பு அரைமணிக்குள் விடும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். இரு கைகளின் சிறு விரல் மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணிநேரம் வரை நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம்; வாரக்கணக்கில் காத்திராமல் மூட்டியல் மருத்துவரை நாட வேண்டும். தொடக்கத்திலேயே உரிய மருந்து கொடுத்தால் மூட்டு உருக்குலையாமல் தடுக்கலாம். அம்மருந்துகளுள் ஒன்று வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஊறாகும். எனவே கிழமையை நாட்காட்டியில் குறித்து வைத்தல் நன்று. கால் பெருவிரல் ஒரே இரவில் சிவந்து வீங்குவது யூரிக் அமிலத்தால் வரும் நோய். நீரும் பருகாத உபவாசம் அதனைத் தூண்டக் கூடும். அந்நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே கோடையில் உபவாசம் மேற்கொள்க.

இனி இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்றால் மின்பெட்டி வைத்துச் சூடு கொடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர். சூடு தற்காலிக இதம் தருவது. உண்மையான வேலையைச் செய்வது பயிற்சி. தொடையின் முன்தசை வலுப்பெற்றால் முழங்காலின் சுமையை அது பகிர்ந்து கொள்கிறது. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி ஐந்து விநாடி நிறுத்துதல். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி மறுகாலை மடக்காமல் ஓர் அடி உயர்த்துதல். நாற்காலியிலிருந்து கைதாங்காமல் எழுந்து அமர்தல். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துவோரே மிகுதி. பயிற்சிக்குப் பின் சிறிது நோவு இயல்பு. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

புளோரோசிஸ் உடையவருக்கும் இப்பயிற்சிகள் தசையைக் காக்கும், மூட்டின் அசைவையும் இயன்றவரை தக்கவைக்கும். ஆனால் அவர்களது எலும்பு தடித்திருந்தாலும் நொறுங்கும் இயல்புடையது. எண்ணெய் தடவி மிதிப்பவரிடமும் சொடுக்கு எடுப்பவரிடமும் அவர்களை ஒப்படைக்கலாகாது.

மருத்துவமனைக்குச் சென்றுவர இயலாதோர்க்கு, மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகிறார். 2021 ஆகஸ்டில் அத்திட்டம் தொடங்கப்பெற்றது அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். பெயரைக் கேட்டதும் சமணப் பள்ளி நினைவுக்கு வருவது நம் காதின் பழக்கம். பெயராய்வு வேறொரு நாளுக்கு ஆகட்டும்.

உணவைப் பற்றிச் சில சொற்கள் போதும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிவைப்பிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. கேழ்வரகு, பால், தயிர், நெல்லிக்கனி நல்லவை. புளோரைடு மிகுந்த ஊரில் கருந்தேநீரையும் கறுப்பு உப்பையும் பாக்கையும் குறைத்தல் நன்று. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. கொலாஜன் விலங்கின் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது. குளிகையின் மேலுறையும் பலவற்றில் விலங்குப் பொருளே. அவற்றால் விளையும் பயனோ ஐயத்துக்குரியது. கொல்லாமையைப் போற்றும் இல்லத்தில் அவை நுழையும் முன் மருந்தாளரிடம் ஒரு சொல் கேட்கலாம். இரவு உண்ணாதார் வலிமாத்திரையைப் படுக்கும்முன் வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பை புண்ணாகும். பகல் உணவுக்குப் பின்னர் உண்ணும்படி மாற்றித் தர மருத்துவரைக் கேட்டால் அவர் மறுக்கப் போவதில்லை. கேட்பதற்கு நாம்தான் கூசுகிறோம்.

அம்மையாரின் வருத்தத்திற்கு வருவோம். காயோத்சர்க்கம் நின்றும் செய்யப்படுவது. திருமலையில் 16 மீட்டர் உயரத்தில் எழுந்தருளியுள்ள நேமிநாதர் நின்ற கோலத்தில்தான் இருக்கிறார். தரையில் அமர இயலாதவர் நின்றோ, நாற்காலியில் அமர்ந்தோ சாமாயிகம் இயற்றுவதில் குறையொன்றும் இல்லை. அத்திருமலையில் படியேறும்போது நலமுள்ள கால் முதலில் ஏற வேண்டும். இறங்கும்போது நோயுள்ள கால் முதலில் இறங்க வேண்டும். கைத்தடி, வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும். பிடித்துச் செல்லும் பிள்ளைகள் இதை அறிந்திருந்தால் நன்று.

அறக்கட்டளையினர் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. வழிபாட்டு மண்டபத்தில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் நான்கைந்து, ஓரத்தில் அல்லாமல் மற்றவரோடு சேர்ந்த வரிசையிலேயே இருக்கட்டும். விழா நாள் உணவுக்கு நீர் எடுப்பது எந்தக் குழாயிலிருந்து என்பதையும், அதில் புளோரைடு எவ்வளவு என்பதையும் சமையற்கட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.