கரிச் சுரங்கத்தில் பிறந்த பாட்டு

பாட்டு என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது உண்மையல்ல என்பதற்கு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரே சாட்சி. அவர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் உள்ள சிறிய நாடு வேல்ஸ். அதன் தெற்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. காலையில் இறங்கியவன் மாலையில் ஏறி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1913 அக்டோபர் 14-ம் தேதி செங்கெனித் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் மட்டும் 439 தொழிலாளர் மாண்டனர்.

இந்த வாழ்க்கையின் நடுவேதான் ஆண்கள் பாடகர் குழுக்கள் வளர்ந்தன. கரிப் புழுதியைக் கழுவிவிட்டு, மாலையில் ஊர்த் தேவாலயத்திலோ பொது மண்டபத்திலோ கூடினார்கள். பாடுவதற்குக் கூலி கிடையாது. சங்கீதப் பள்ளிக்குப் போக வசதியும் கிடையாது. நம்முடைய ச-ரி-க-ம போல, டோ-ரே-மீ என்று எழுத்தாலேயே ராகத்தைக் குறிக்கும் எளிய முறை அவர்களுக்குக் கைகொடுத்தது.

குழு நான்கு பிரிவாக நிற்கும்: உச்சக் குரல் இரண்டு, நடுக்குரல் ஒன்று, அடிக்குரல் ஒன்று. ஒருவன் மட்டும் உரக்கக் கத்தினால் பாட்டுக் கெட்டுப்போகும். பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்டுத்தான் தன் குரலைக் கொடுக்க வேண்டும். சுரங்கத்துக்கும் சங்கத்துக்கும் இதே விதிதான்.

ரோண்டா பள்ளத்தாக்கில் உள்ள டிரியோர்க்கி ஊர்க் குழுவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை அந்நாட்டு அரசாங்கம் 1950-ல் பறித்தது. வெளிநாடு சென்று பாட அவருக்கு வழியில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கம் வாளாவிருக்கவில்லை. 1957 அக்டோபர் 5-ம் தேதி போர்த்கால் நகரில் நடந்த தங்கள் கலைவிழாவுக்கு அவரை டெலிபோன் மூலமே அழைத்தது! நியூயார்க்கிலிருந்து அவர் பாடினார். கடலடிக் கம்பி வழியாக அந்தக் குரல் வந்து சேர்ந்தது. டிரியோர்க்கி குழு இங்கிருந்து அவருக்குப் பாடியது. மறு ஆண்டு பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்ததும், ராப்சன் நேரிலேயே வேல்ஸுக்கு வந்தார்.

1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த மாபெரும் வேலைநிறுத்தத்தின்போதும் பாட்டு ஓயவில்லை. வேலைநிறுத்தம் செய்த தென் வேல்ஸ் தொழிலாளரே ஒரு குழு அமைத்துப் போராட்டத்துக்கு ஆதரவு தேடிப் பாடினார்கள். போராட்டம் வெற்றி பெறவில்லை. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

ஆனால் டிரியோர்க்கி குழு இன்றும் பாடுகிறது! சுரங்கம் பிறர் கையில் இருந்தது, அவர்கள் மூடினார்கள். குழு தொழிலாளர் தாமே கட்டியது. அதை மூட அவர்களால் முடியவில்லை.

தோழர்களே! நடவு வயலிலும் ஆலை வாசலிலும் நமக்கும் பாட்டு உண்டு. வாரத்தில் ஒரு மாலை கூடுவோம். பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டுப் பாடக் கற்போம். ஒன்றாகப் பாடப் பழகிய ஊர், ஒன்றாக நிற்கவும் பழகிவிடும்.